ஆட்டுத்திட்டுக் கோம்போ பேச மாட்டான்

பேச மாட்டாரா? யாரு... கோம்போவா? அப்படியா போட்டிருக்கு உன் ஃபோன்ல? எங்க, காட்டும்மா. கண்ணாடி உள்ள கெடக்கு, நீயே படி, நான் கேக்குறேன். ம்... ம்... 'யாரும் அறியாத தீவு.' ம்... 'அங்கே இருப்பவர் ஒரே ஒருவர். அவர் பேசுவதில்லை. அவருடைய மௌனமே நமக்கு விருந்து.' விருந்து! கேட்டியா சவுமு? கோம்போவோட மௌனம் விருந்தாம். உள்ளேருந்து சிரிக்கிறா பாரு எம் பொண்டாட்டி.

உக்காரும்மா. பையை எறக்கி வை. படகு எங்கயும் ஓடிப் போகாது. அதோ நிக்கிறான் பாரு ரஷீதி, கயித்தைக் கையில புடிச்சுக்கிட்டு. அவன் கெளம்புறேன் கெளம்புறேன்னுதான் காலையிலேருந்து நிக்கிறான். தண்ணி தளும்ப நிக்குது, நேரமிருக்கு. எங்கேருந்து வர்ற? டாரா? டார் எஸ் சலாம்லேருந்தா இவ்வளவு தூரம்? தனியாவா? சரி சரி, நான் ஒண்ணும் கேக்கல.

யாரும் அறியாத தீவுன்னா என்னம்மா அர்த்தம்? எனக்குத் தெரியும். சவுமுவுக்குத் தெரியும். ரஷீதிக்குத் தெரியும். கோம்போ அங்கயே கெடக்கான், அவனுக்குத் தெரியாம இருக்குமா? அவன் ஆடுங்களுக்குத் தெரியும். போன வாரம் அரூஷாவுலேருந்து ஒரு கும்பல் வந்துச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு ஜெர்மன்காரிங்க. எல்லாரும் யாருக்கும் தெரியாத எடத்துக்குத்தான் போறாங்க. வரிசையில நின்னு போறாங்க.

யாருக்கும் தெரியாத எடம்தான் வேணும்னா இதோ இருக்கே, நீ உக்காந்திருக்கியே, இதுதான். ஷாவேஜி விடுதி. ஆறு ரூமு. ஒருத்தனுக்கும் தெரியாது. மழை விட்டதுலேருந்து ஒருத்தன் எட்டிப் பாக்கல. இவ்வளவு தெரியாத எடம் இந்தக் கடக்கரையிலயே கெடையாது.

ஷாவேஜி நான்தான். ஆமா. பேரு போர்டுல இருக்கு. போர்டு கொஞ்சம் சாஞ்சிருக்கும், ஆடு ஒண்ணு ஒரசிட்டுப் போயிடுச்சு. எல்லா ரூமுக்கும் கொசுவலை உண்டு. கட்டில் உண்டு. மெத்தை உண்டு. நீல ரூமுல ஃபேன் உண்டு, டார்லேருந்தே கொண்டாந்தது, உங்க ஊரு ஃபேன். போட்டா கொஞ்சம் சத்தம் போடும். ஆனா பேசும்மா அது! கோம்போ மாதிரி ஊமை ஃபேன் இல்ல.

டீ வந்துடுச்சு பாரு. இஞ்சி போட்டது. எண்ணெயில பொரிச்ச மண்டாசி, சூடா இருக்கு, புட்டுத் தின்னு. காசா? வந்த புள்ளைக்கு ஒரு வாய் டீ குடுக்கக் காசா வாங்குவாங்க? நல்லா கேட்ட போ.

என்ன... ஒண்ணுமில்ல. கையை ஆட்டினது ஈ. ஈ ஓட்டினேன். அங்க ஏன் பாக்குற, நீ தின்னு.

சரி, அங்க என்ன இருக்குன்னு நெனச்சுக்கிட்டுப் போற? சொல்லு கேப்போம். நட்சத்திரத்துக்குக் கீழ தூங்கலாமா? கூரை இல்லம்மா அதுக்குப் பேரு. கடல்லயே குளிக்கலாமா? கெணறு கெடையாது. நாமளே நம்ம கையால ஆட்டுப்பால் கறக்கலாமா? கோம்போவுக்கு முதுகு வலி. வேற? அவர் கையால சமைச்ச சாப்பாடு... அடப்பாவமே. அவன் மீனைச் சுடுவான், திருப்பிப் போட மறந்துடுவான். ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் பச்சை. நடுவுல ஒரு கோடு நல்லா வெந்திருக்கும். அந்தக் கோட்டைத் தேடித் தின்னணும். நிழலுக்கு ஒரே ஒரு ஆனைப்புளி மரம். அதுக்கடியில மொதல்ல ஆடுங்க படுக்கும். அதுங்க போக மிச்ச நிழல் உனக்கு.

தீவாம் தீவு! தண்ணி வத்திட்டா அவன் ஆடே மணலோட நடந்து இங்க வந்து சவுமுவோட கீரைப் பாத்தியை மேஞ்சுட்டு, என் போர்டையும் ஒரசிட்டு, தண்ணி ஏறுறதுக்குள்ள திரும்பிப் போயிடும். ஆடு நடந்து வந்து நடந்து போற எடத்துக்குப் பேரு தீவா? ஆட்டுத்திட்டுன்னுதான் நாங்க சொல்லுவோம். எங்க அப்பன் தாத்தன் எல்லாம் அப்படித்தான் சொன்னாங்க. இதுதான்மா தீவு, கிலோங்கோ. பள்ளிவாசல் இருக்கு, சந்தை இருக்கு, கெணறு இருக்கு, ஆறு ரூமு இருக்கு.

பொறாமையா? எனக்கா? கோம்போ மேலயா? சவுமு, இந்தப் பொண்ணு என்ன சொல்லுதுன்னு கேட்டியா. ...நீ சும்மா இரு, உன்னைக் கேக்கல.

இங்க பாரும்மா. கோம்போ எனக்கு யாருன்னு நெனச்ச? என் மாமன் மகன். எங்கம்மாவும் அவங்கப்பாவும் கூடப்பொறந்தவங்க. நானும் அவனும் ஒரே மழைக்காலத்துல பொறந்தோம். எங்க பக்கத்துல மாமன் புள்ளையும் அத்தை புள்ளையும் எப்படின்னு உனக்குத் தெரியுமில்ல? டார்ல நீங்கள்லாம் விட்டுட்டீங்க போலிருக்கு. இங்க இன்னும் இருக்கு. மச்சான் மொறைன்னா ஏசிக்கணும். பாத்தா ஏசணும், பாக்காட்டி ஆளனுப்பி ஏசணும். எவ்வளவு கேவலமா ஏசினாலும் கோவம் வரக்கூடாது, பதில் வரணும். ஏசாம போனான்னாதான் வீட்டுல என்னமோ தப்பு நடந்துபோச்சுன்னு ஊரே கேக்கும்.

கோம்போ பேச மாட்டானாம்! அவன் நாக்கு எப்படிப்பட்ட நாக்கு தெரியுமா? இந்தக் கடக்கரையில அந்த மாதிரி நாக்கு இன்னொண்ணு கெடையாது. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம தண்ணி வத்தினதும் அங்கேருந்து நடந்து வருவான். பாதி வழியிலயே ஆரம்பிச்சிடுவான், காத்துல கேக்கும். தொழுதுட்டு வெளிய வந்து பள்ளிவாசல் வாசப்படியில நிப்பான். நான் எதிர்ல வேப்பமரத்தடியில. ஊரு சனம் ஒருத்தர் வீட்டுக்குப் போகாது. பொம்பளைங்க சொவத்துக்கு அந்தப் பக்கம் சட்டியை அடுப்புலேருந்து எறக்கி வெச்சுட்டு நிப்பாங்க.

'ஷாவேஜி, உன் விடுதி மெத்தையில மூட்டைப்பூச்சிகூடத் தங்காதுடா, வாடகை கேட்டுடுவியோன்னு பயந்து கூட்டத்தோட காலி பண்ணிடுச்சு'ம்பான். 'நீ பொறந்தப்ப மருத்துவச்சி உன்னைத் தூக்கிப் பாத்துட்டு, இதுதான் புள்ளையா, இல்ல புள்ள இன்னும் உள்ள இருக்கான்னு கேட்டாளாம்டா'ம்பான். எங்கம்மா பக்கத்துல நின்னுக்கிட்டிருப்பா, அவளும் சிரிப்பா! நான் விட்டுடுவேனா? 'உன் கல்யாணத்துல காஜி மூணு தடவை சம்மதமான்னு கேட்டது பொண்ணுக்கிட்ட இல்லடா, ஆட்டுக்கிட்ட'ன்னேன். அன்னிக்கு சனம் சிரிச்ச சிரிப்புல ஒரு கெழவனுக்குப் பல் கழண்டு விழுந்துடுச்சு. சத்தியமா.

எங்கப்பா மௌத்தானப்ப... அதைச் சொல்லணுமே. குழி தோண்டியாச்சு. மய்யத்தைக் கொண்டாந்து பக்கத்துல வெச்சாச்சு. நான் தலைமாட்டுல நிக்கிறேன். இவன் என்ன பண்ணினான்? திடீர்னு குழிக்குள்ள குதிச்சான். குதிச்சு, மல்லாந்து படுத்துட்டான். கையை நெஞ்சு மேல கட்டிக்கிட்டான். 'நல்ல குழி. ஈரமில்ல, காத்தோட்டமா இருக்கு. இதை நான் எடுத்துக்குறேன். இந்த மனுஷன் ஆயுசு பூரா எனக்கு ஒரு மீன் குடுத்ததில்ல. ரெண்டு சேவல் குடுங்க, எந்திரிக்கிறேன். இல்லைன்னா வேற எடத்துல தோண்டிக்கோங்க'ன்னான். அது மச்சான் மொறையில அவனோட பாத்தியதை, யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. இமாம் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டார், தோள் குலுங்குது. நான்... நான் சிரிச்சேன்மா. அப்பாவைப் பொதைக்கிற அன்னிக்கு, மூக்கு ஒழுக ஒழுக நின்னுக்கிட்டு சிரிச்சேன். அது மட்டும் இல்லைன்னா அன்னிக்குப் பொழுதைத் தாண்டியிருக்கவே மாட்டேன்.

சேவலா? குடுத்தோம். ஒண்ணுதான் இருந்துச்சு. இன்னொண்ணு இன்னும் பாக்கின்னு இன்னிக்கு வரைக்கும்... இல்ல. இன்னிக்கு வரைக்கும் இல்ல. இப்பல்லாம் கேக்குறதில்ல.

என்னது? படகா? எங்க?... அட! ஆமா. போயிட்டானே ரஷீதி! அதோ அந்தப் பாய்தான். சொல்லாம கொள்ளாம போயிட்டான் பாரேன். நான் என்ன பண்ண? கையைக் காட்டினேனா? அது ஈம்மா. ஈ ஓட்டினதை 'நீ போ'ன்னு அவன் எடுத்துக்கிட்டா அதுக்கு நானா பொறுப்பு? கூப்பிடவா? கூப்பிடுறேன், கூப்பிடுறேன். ரஷீதி... ஏ ரஷீதி... கேக்கல அவனுக்கு. எதிர்காத்து. சத்தமாவா? தொண்டை சரியில்லம்மா ஒரு வாரமா.

போகட்டும் விடு. தண்ணியும் எறங்க ஆரம்பிச்சிடுச்சு. இனிமே நாளைக்குத்தான் படகு. கவலைப்படாத. நீல ரூமு தயாரா இருக்கு. காலையில சவுமு ஏதோ தோணிச்சுன்னு மெத்தைக்குத் துணி மாத்தினா, பாரு, யாருக்குன்னு அப்ப தெரியல.

சாப்பாடும் ஆயிடுச்சு. தேங்காப்பால் சோறு, பேய்க்கணவாய்க் கொழம்பு. முகத்தைத் தூக்கி வெச்சுக்காதம்மா, தின்னுட்டுக் கோச்சுக்கோ. சவுமு கை கொழம்பு. இதைத் தின்னவங்க யாரும் என்கிட்ட கோவமா பேசினதில்ல. தின்னவங்க கொஞ்சப் பேருதான், அது வேற விஷயம். ...எப்படி? பாத்தியா, நான் சொல்லல?

இப்ப உன்னை ஒண்ணு கேக்குறேன். இந்தக் கோம்போ பேச மாட்டான்னு முதல்ல யாரு எழுதினா? வெள்ளைக்காரன்தானே? படத்தோட போட்டிருக்கானே, சோத்தாங்கையில கேமரா, தலையில ஓலைத்தொப்பி? அவன் இங்கதான் வந்து தங்கினான். இந்த நாக்காலியிலதான் உக்காந்தான். வந்த அன்னிக்கே, 'யாரும் போகாத எடம் ஒண்ணு சொல்லுங்க'ன்னான். ஏம்ப்பா, இதுவே அதுதான்ப்பான்னேன். 'இல்ல, இங்க போர்டு இருக்கு'ன்னான். போர்டு இருந்தா ஆளு வந்த எடமாம். மறுநாளும் அதே கேள்வி. டீ குடிக்கிறப்ப, கொழம்பு தின்னுறப்ப, 'யாரும் போகாத எடம், யாரும் போகாத எடம்'. ஆறு ரூமைக் கட்டி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?

அப்ப ஒரு படுபாவி அவன்கிட்ட ஒண்ணு சொன்னான். 'அதோ தெரியுதே திட்டு, அங்க ஒருத்தர் இருக்கார். பெரிய மனுஷன். அரச வம்சம். பேச மாட்டார். பேச்சை விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. அவர் பக்கத்துல சும்மா உக்காந்தாலே மனசு அடங்கிடும். அவர் கையால மீன் தின்னவங்க திரும்பப் போக மனசில்லாம அழுதிருக்காங்க. கூரை போட மாட்டார், நட்சத்திரம்தான் கூரைம்பார்...' பேச மாட்டார்னு சொன்னவனே '...ம்பார்'னும் சொன்னான், அந்த வெள்ளைக்காரனுக்கு அது ஒறைக்கல. 'பிரியப்பட்டவங்களுக்குத்தான் ஆடு கறக்க விடுவார்.' இப்படி அளந்து விட்டான். வெள்ளைக்காரன் வாயைப் பொளந்துக்கிட்டுக் கேட்டான்.

யாரா? யாரு சொன்னாங்கன்னா கேக்குற?

...இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கோ.

சரி, நான்தான். நான்தான் சொன்னேன். சவுமு, நீ அங்கேருந்து சொல்லத் தேவையில்ல, நானே சொல்லிட்டேன். மச்சான் மொறைக்குச் சொன்னேன்மா! அது ஒரு கேலி. ஒரு வெள்ளைக்காரனைக் கொண்டு போய் அவன் தலையில கட்டினா எப்படி இருக்கும்? வீட்டுக்கு வந்தவனை வெளிய போன்னு சொல்ல முடியாது, மீனைத் திருப்பிப் போடணும், அரச வம்சம்னு சொல்லியிருக்கறதால லுங்கியை ஒழுங்காக் கட்டணும். எல்லாத்துக்கும் மேல பேசவும் கூடாது! கோம்போவால பேசாம இருக்க முடியுமா? வெடிச்சிடுவான்னு நெனச்சேன். வர்ற வெள்ளிக்கெழம வந்து என்னைக் கிழிகிழின்னு கிழிக்கப் போறான்னு நாக்கைச் சப்புக்கொட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

வந்தான். ஆகா, வந்தான்! அன்னிக்கு மாதிரி ஏச்சு நான் பொறந்ததுலேருந்து வாங்கினதில்ல. பள்ளிவாசல் வாசல்ல நின்னு என் பாட்டன் பூட்டன்லேருந்து ஆரம்பிச்சு, என் விடுதியோட ஒவ்வொரு ரூமா ஏசினான். ஆறு ரூமையும் தனித்தனியா. ஃபேனைத் தனியா. 'என்னை ஊமைன்னு சொன்னியாடா? நாலு நாளு பேசாம இருந்து என் பல்லெல்லாம் வலிக்குதுடா!'ன்னான். தங்கமான நாளும்மா அது. ராத்திரி படுத்து நெனச்சு நெனச்சு சிரிச்சேன். என் பதிலை அடுத்த வெள்ளிக்கெழமைக்குன்னு யோசிச்சு வெச்சேன்.

அந்த வெள்ளிக்கெழம வரவேயில்லையே. வெள்ளைக்காரன் ஊருக்குப் போயி எழுதிப்புட்டான். நான் சொன்னதை அப்படியே, ஒரு எழுத்து மாறாம. அடுத்த படகுலயே ரெண்டு பேரு. அதுக்கடுத்த படகுல நாலு பேரு. எல்லாரும் பேசாத மனுஷனைப் பாக்க வர்றாங்க. அவனும் என்ன பண்ணுவான், பேசாம இருக்கான். ஒருத்தர் போயி இன்னொருத்தர் வர்றதுக்கு நடுவுல வாயைத் தெறக்க நேரமில்ல. வெள்ளிக்கெழம தொழுகைக்குக் கூட விருந்தாளிங்க நாலு பேரைப் பின்னாடி கூட்டிக்கிட்டு வர்றான். நான் வேப்பமரத்தடியில தயாரா நிக்கிறேன். சனம் நிக்குது. அவன் வந்தான், என்னைப் பாத்து லேசா தலையை ஆட்டினான், போயிட்டான். சனம் கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்புறம் வீட்டுக்குப் போயிடுச்சு. நானும் வீட்டுக்கு வந்துட்டேன்.

என்னது? அவன் நல்லாருக்கான்னு சந்தோஷப்பட வேண்டியதுதானேன்னா கேக்குற? சந்தோஷம்தான். யாரு இல்லைன்னா? மகளைக் கட்டிக் குடுத்தான், நல்லா நடத்தினான். இவ்வளவு நாளும் முதுகு வலியோட கெடந்தான், இப்ப டாருக்குப் போயி காட்டிட்டு வந்தான். எல்லாம் சரி. ஆனா நோன்புப் பெருநாளைக்கு என்ன பண்ணினான் தெரியுமா? சொன்னா நீ நம்ப மாட்ட. ஒரு கிடா, கொழுத்த கிடா, கயித்துல புடிச்சுக்கிட்டு இதே வாசல்ல வந்து நின்னான். செருப்பை வெளிய கழட்டிட்டு வந்தான். ரெண்டு கையாலயும் என் கையைப் புடிச்சான். பெரியவங்களுக்குச் சொல்ற வணக்கத்தை எனக்குச் சொன்னான்மா. எனக்கு! ஒரே மழைக்காலத்துல பொறந்தவனுக்கு! 'உங்களாலதான் நான் நல்லாருக்கேன், அல்லா உங்களுக்கு நீண்ட ஆயுசு குடுக்கணும்'னான்.

நன்றி சொல்லிட்டான்மா. என் மூஞ்சிக்கு நேரா.

'ஏண்டா கருவாட்டு மூஞ்சி, யாருக்கிட்ட திருடின கிடாடா இது?'ன்னு கேட்டேன். எதுக்குக் கேட்டேன், பதிலுக்குத்தான். அவன் சிரிச்சான். மெதுவா, ஒரு மரியாதைக்குச் சிரிக்கிற மாதிரி. 'நீங்க எது வேணா சொல்லலாம், உங்களுக்கு உரிமை இருக்கு'ன்னான். போயிட்டான். அந்தக் கிடாவை நான் அறுக்கல. அதோ பின்னாடி கட்டிக் கெடக்கு. தின்னுது, கத்துது. அதுவாவது கத்துதேன்னு வெச்சிருக்கேன்.

நானும் போயிப் பாத்தேன். போகாம இருப்பேனா? தண்ணி வத்தினப்ப போனேன், நல்லா யோசிச்சு நாலஞ்சு ஏச்சைத் தயார் பண்ணிக்கிட்டு. அங்க மரத்தடியில ஒரு கூட்டம் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்கு, நடுவுல இவன். என்னைப் பாத்ததும் எந்திரிச்சான். பாயை விரிச்சான். ரெண்டு கையாலயும் டீயை நீட்டினான். அந்தக் கூட்டத்துல ஒரு பொண்ணு என்னைப் பாத்து வெரலை வாயில வெச்சு 'ஷ்'னுச்சு. நான் டீயைக் குடிச்சுட்டு வந்துட்டேன். இனிமே நானா போயி 'என்னைத் திட்டுடா'ன்னு அவன் கால்ல விழணுமா? எனக்கும் ரோஷம் இருக்கில்ல.

ரூமு காலியா கெடக்குறது ஒரு பக்கம் கெடக்கட்டும்மா. ஃபேனு துருப்புடிக்கிறது கெடக்கட்டும். எனக்கு ஒரே ஒரு விஷயம்தான். இந்த வருஷம் ரெண்டு தடவை நெஞ்சுல ஏதோ புடிச்சுச்சு. சவுமுவுக்குக் கேக்காது, அவ சட்டி கழுவுறா, அதான் மெதுவா சொல்றேன். நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னு வையி. குழி தோண்டுவாங்க. தூக்கிட்டுப் போவாங்க. கோம்போவும் வருவான். வந்து ஓரமா, கையைக் கட்டிக்கிட்டு, மரியாதையா நிப்பான். மண்ணைத் தள்ளிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க. என் குழியில யாரும் குதிக்க மாட்டாங்க. எம் புள்ளைங்க யாரும் சிரிக்காது. கருவாட்டைப் பானையில போட்டு மூடுற மாதிரி சத்தமில்லாம என்னை மூடிடுவாங்க. அது ஒண்ணுதான் எனக்கு. வேற ஒண்ணும் இல்ல.

...கைய கழுவிக்கோ. செம்பு அங்க இருக்கு.

நல்லா தின்ன. சந்தோஷம். கொஞ்சம் படுத்து எந்திரி, வெயில் தாழட்டும். ரூமைக் காட்டச் சொல்றேன். சவுமு! நீல ரூமைத் தெற...

எங்கம்மா எந்திரிக்கிற? ரூமு இந்தப் பக்கம். பையை எதுக்கு மாட்டுற? பேண்டை ஏன் முட்டிக்கு மேல மடிக்கிற? எங்க போற? ...ஆட்டுத்திட்டுக்கா? படகுதான் போயிடுச்சே. நடந்தா? நடந்து எப்படிம்மா... யாரு சொன்னா நடந்து போகலாம்னு? நானா? நான் எப்ப சொன்னேன்?

ஆடா.

ஆமா. சொன்னேன்.

போர்டை ஒரசினதைச் சொல்லாம இருந்திருக்கணும். தண்ணி நல்லாத்தான் வத்திடுச்சு. எவ்வளவு நேரமா பேசிக்கிட்டிருந்தேன் நான்? நீயாவது நிறுத்தியிருக்கலாமில்ல? வெளி மணல் பூரா தெரியுது பாரு. அதோ, கோம்போ நட்டு வெச்ச குச்சிங்க வரிசையா தெரியுது. சவுமு, வழிக்குத் தண்ணி குடுத்தியா பொண்ணுக்கு? நீ குடுத்துட்டியா? எப்ப குடுத்த? ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டீங்களா? சரி. நல்லாருங்க.

இரு, இரும்மா! செருப்பைக் கழட்டாத. கடல் முள்ளு கெடக்கும், குத்துச்சுன்னா ஒரு வாரத்துக்குக் காலை வெக்க முடியாது. குச்சிக்கு வலது பக்கமாவே போ, இடது பக்கம் சேறு. கறுப்பாத் தெரியற எடத்துல கால் வெக்காத. நின்னு நின்னு படம் புடிச்சுக்கிட்டு நிக்காத, தண்ணி திரும்பினா சொல்லிக்கிட்டு வராது. போ, போ. பொழுது இருக்கு.

சவுமு, போயிடுச்சுடி இதுவும். என்னாத்துக்குச் சிரிக்கிற? நீ போயி அந்தக் கிடாவுக்குத் தண்ணி வையி.

...ஏம்மா! ஏ பொண்ணு! ஒரு நிமிஷம் நில்லு! கேக்குதா? தொண்டையா? தொண்டை இப்ப சரியாயிடுச்சு! இங்க பாரு, அவன்கிட்ட ஒரு சேதி சொல்லணும்! எல்லார் முன்னாடியும் சொல்லு, சத்தமா சொல்லு! 'ஷாவேஜி சொல்லி அனுப்பினான். நீ பேசாம இருக்கிறது அரச வம்சத்தால இல்லடா, உன் வாயில இருந்த நாலு வார்த்தையையும் ஆடு மேஞ்சுடுச்சுடா!' சொல்லுவியா? அப்புறம், 'பாக்கிச் சேவலை ஷாவேஜி இந்த ஜென்மத்துல குடுக்க மாட்டானாம், வேணும்னா அவன் குழியில வந்து படுத்துக் கேட்டு வாங்கிக்கடா'ன்னு சொல்லு! அந்த வார்த்தையை மட்டும் மறந்துடாத, அந்தக் குழி வார்த்தையை!

அவன் சிரிச்சான்னா அது போதாது! நன்றின்னான்னா திரும்பி வந்து என்கிட்ட சொல்லாத, நேரா ஊருக்குப் போயிடு, நான் கோச்சுக்க மாட்டேன்! ஆனா திட்டினான்னா... கேக்குதா? திட்டினான்னா, அந்த ஃபோன்ல எல்லாத்தையும் படம் புடிக்கிறியே, அதுல பதிஞ்சு கொண்டா! ஆரம்பத்துலேருந்து! ஒரு வார்த்தை விடாம! யாராவது 'ஷ்'னாங்கன்னா நீ நிறுத்தாத!

நீல ரூமு உனக்குத்தான்!